நாக்கு கேட்கிறது, போன் அழைக்கிறது: பதின்ம வயதினரின் உணவு வேட்கைக்குச் செயலிகள் உதவுமா?

பதின்ம வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இன்று அதிகம் கேட்கும் புகார்கள் இரண்டு. ஒன்று, பிள்ளை எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறது. இரண்டு, வீட்டுச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. சிப்ஸ், ஷவர்மா, பிரைடு சிக்கன், குளிர்பானம் என்றே மனம் அலைகிறது. இவற்றைத் தனித்தனிப் பிரச்சினைகளாகவே நாம் பேசி வருகிறோம். உண்மையில் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பசியே இல்லாத நேரத்தில் ஆசையைக் கிளப்புவது பல வேளைகளில் அந்தப் போன்தான்.

அப்படியானால் அதே போனைக் கொண்டு அந்த ஆசையை அடக்கப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா? முடியும் என்று சொல்லும் செயலிகள் பல வந்துவிட்டன. அவற்றில் சில ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை. சில வெறும் வியாபாரம். சில, பிள்ளைகளுக்குத் தீங்கே செய்யக்கூடியவை. எது எந்த வகை என்று பெற்றோர் அறிந்திருப்பது அவசியம். ஏனெனில் இங்கே கேள்வி இரண்டு கிலோ எடை கூடுவதும் குறைவதும் அல்ல. இந்த வயதில் உணவோடு ஏற்படும் உறவு நல்லதோ கெட்டதோ, வாழ்நாள் முழுதும் கூட வரும்.

பசி வேறு, வேட்கை வேறு

பசி வயிற்றில் தொடங்குகிறது. மெல்ல மெல்லக் கூடுகிறது. சோறோ, இட்லியோ, கஞ்சியோ எதைக் கொடுத்தாலும் தணிகிறது. வேட்கை அப்படியல்ல. திடீரென்று வரும். 'ஏதாவது சாப்பிட வேண்டும்' என்று கேட்காது. 'அந்தக் கடை ஷவர்மாதான் வேண்டும்' என்று பெயர் சொல்லிக் கேட்கும். வயிறு நிறைந்திருக்கும்போதும் வரும்.

இதற்குக் காரணம் மூளை கற்றுக்கொள்ளும் விதம். இனிப்பும் கொழுப்பும் உப்பும் கலந்த உணவைத் தின்னும்போது மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அது கிடைத்த இடம், நேரம், வாசனை, படம் எல்லாவற்றையும் மூளை குறித்து வைத்துக்கொள்கிறது. பிறகு அந்தப் படத்தைக் கண்டாலே போதும், உணவு வருவதற்கு முன்பே ஆசை எழுந்துவிடுகிறது. இது பெரியவர்களுக்கும் நடப்பதுதான். ஆனால் பதின்ம வயதில் ஆசையைத் தூண்டும் பகுதி முழு வேகத்தில் இயங்க, நிதானித்து முடிவெடுக்கும் முன்மூளைப் பகுதி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அது முழுமை பெற 25 வயதை ஒட்டிய காலம் ஆகிவிடும். எனவே 'இவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையே' என்று நாம் கோபப்படும் பல இடங்களில், பிள்ளையின் குணத்தைக் காட்டிலும் வயதே காரணமாக இருக்கிறது.

வேட்கையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய நல்ல செய்தியும் ஒன்று உண்டு. அது அலை போன்றது. எழும், உச்சிக்குப் போகும், தானே இறங்கும். தீனி போடாமல் விட்டாலும் பெரும்பாலும் சிறிது நேரத்தில் வேகம் குறைந்துவிடும். போதைப் பழக்கத்திலிருந்து மீள்வோருக்காக ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் கற்றுத்தந்த வழிமுறை இதன் மேல்தான் நிற்கிறது: ஆசையோடு மல்லுக்கட்டாதே, அதற்கு அடிபணியவும் செய்யாதே, அது ஏறி இறங்குவதைக் கவனித்துக்கொண்டிரு. உதவும் செயலிகள் எல்லாம் செய்வது இந்தச் சில நிமிடங்களைக் கடக்கக் கைகொடுப்பதுதான்.

நோன்பு காட்டும் உண்மை

இதை நம் வீடுகளிலேயே நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். ரமலானில் 14 வயதுப் பிள்ளை சஹர் முதல் மஃரிப் வரை ஏறக்குறைய 13 மணி நேரம் தண்ணீர்கூடப் படாமல் இருக்கிறது. சமோசா வாசனை வந்தாலும் கை நீளுவதில்லை. அதே பிள்ளை பெருநாள் முடிந்த மறுவாரம் மாலை நாலு மணிக்கு ஒரு பாக்கெட் சிப்ஸைத் தாண்டிப் போக முடியாமல் தவிக்கிறது. மன உறுதி ஒரு வாரத்தில் கரைந்துவிட்டதா? இல்லை.

நோன்பில் நிய்யத் இருக்கிறது. இப்போது கிடையாது என்ற தெளிவு இருக்கிறது. வீடே கூட நோன்பு வைக்கிறது. எப்போது கிடைக்கும் என்ற நேரமும் தெரிகிறது. கதவு மூடியிருக்கிறது என்று மனம் ஏற்றுக்கொண்டால் வேட்கை அவ்வளவாகத் தட்டுவதில்லை. புகைப்பழக்கம் உள்ள விமானப் பணியாளர்களிடம் நடத்தி 2010-ல் வெளியான ஓர் ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. குறுகிய பயணம் முடியும் தறுவாயில் அவர்களுக்குப் புகைக்கும் ஆசை உச்சத்தில் இருந்தது. நீண்ட பயணத்தில், அதே அளவு நேரம் கடந்த பின்பும் ஆசை அந்த அளவுக்கு எழவில்லை. புகைக்காமல் இருந்த நேரத்தைவிட, இறங்கிப் புகைக்கும் வாய்ப்பு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே ஆசையைக் கூட்டியது.

போன் செய்வது இதற்கு நேர்மாறான வேலை. கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது, அரை மணி நேரத்தில் வீட்டு வாசலுக்கே வரும், இன்று தள்ளுபடியும் உண்டு என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. நோன்பு மாதத்திலேயே தராவீஹ் முடிந்து நள்ளிரவில் ஷவர்மா வரவழைக்கும் பழக்கம் நகரங்களில் பெருகியிருப்பதை நாம் காண்கிறோம். பகலில் கற்ற பாடத்தை இரவில் போன் அழித்துவிடுகிறது.

ஆய்வில் தேறிய இரண்டு வழிகள்

முதல் வழி, மனத்திரையை வேறு வேலையில் ஈடுபடுத்துவது. வேட்கை என்பது பெரும்பாலும் மனக்கண்ணில் ஓடும் படம் என்று ஜாக்கி ஆண்ட்ரேட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2005-ல் விளக்கினர். உருகும் சீஸ், மொறுமொறுப்பு, வாசனை என்று மனம் படத்தை விரிவாக்க விரிவாக்க ஆசை வலுக்கிறது. அந்தப் படம் ஓடும் திரைக்கு இடம் கொஞ்சம்தான். அங்கே வேறொன்றை ஓடவிட்டால் உணவின் படம் மங்கிப் போகும். இதைச் சோதிக்க இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் அவர்கள் எடுத்துக்கொண்ட கருவி, 1984-ல் சோவியத் ரஷ்யாவில் உருவான டெட்ரிஸ் என்ற கட்டை அடுக்கும் விளையாட்டு. 2015-ல் வெளியான ஆய்வில் 18 முதல் 27 வயது வரையிலான 31 பேர் கலந்துகொண்டனர். ஒரு வாரம், நாளொன்றுக்கு ஏழு முறை அவர்களிடம் ஆசையின் அளவு கேட்கப்பட்டது. ஆசை எழும்போது மூன்று நிமிடம் டெட்ரிஸ் ஆடியவர்களுக்கு அதன் வலு 70 விழுக்காட்டிலிருந்து 56 ஆகக் குறைந்தது. வாரக் கடைசி வரை இந்தப் பலன் நீடித்தது.

இதில் கவனிக்க வேண்டியது 'மூன்று நிமிடம்' என்பதைத்தான். மூன்று நிமிடம் மூன்று மணி நேரமானால் மருந்தே நோயாகிவிடும். மேலும், கண்ணுக்கும் மனத்துக்கும் ஒருசேர வேலை தரும் எதுவும் இதற்குப் பொருந்தும். ரூபிக் கியூப் சுற்றலாம், படம் வரையலாம். அதற்குப் போன்தான் வேண்டும் என்பதில்லை.

இரண்டாவது வழி, கையை நிறுத்தப் பழக்குவது. இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் நடாலியா லாரன்ஸ் குழுவினர் 'ஃபுட்-டி' என்ற இலவசச் செயலியை உருவாக்கினர். திரையில் உணவுப் படங்கள் வரும். பச்சை வட்டம் இருந்தால் தொட வேண்டும், சிவப்பு வட்டம் இருந்தால் தொடக் கூடாது. சிப்ஸ், சாக்லேட், கேக் போன்றவற்றைச் சுற்றிச் சிவப்பு வட்டமே வரும். நான்கு நிமிடப் பயிற்சி, அவ்வளவுதான். இந்த உணவைக் கண்டால் கை நிற்க வேண்டும் என்பதை மூளை மெல்லப் பழகிக்கொள்கிறது. 1,234 பயனாளிகளின் தகவல்களை ஆராய்ந்ததில், ஒரு மாதம் நாள்தோறும் பயின்றவர்களிடம் நொறுக்குத் தீனி உண்ணும் அளவு, எட்டுப் படி கொண்ட அளவுகோலில் சராசரியாக ஒரு படி இறங்கியிருந்தது.

இந்த எண்களை அளவோடு எடுத்துக்கொள்வோம். டெட்ரிஸ் ஆய்வில் இருந்தவர்கள் சிலரே. அவர்களும் பள்ளிப் பருவத்தைத் தாண்டியவர்கள். எக்சிட்டர் ஆய்வில், பயிற்சி செய்யாத இன்னொரு குழுவை வைத்து ஒப்பிடவில்லை. விரும்பித் தொடர்ந்தவர்களிடம் மட்டும் தெரிந்த பலன் அது. எனவே இவை மாயம் செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் செலவும் தீங்கும் குறைவு, பிள்ளையைத் திட்டாமலும் எடை பார்க்காமலும் பயன்படுத்த முடியும் என்பதால் முயன்று பார்க்கத் தகுந்தவை.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய வகை

கலோரி கணக்குப் போடும் செயலிகள் வேறு ரகம். தின்ற ஒவ்வொன்றையும் பதிவு செய், இலக்கைத் தாண்டினால் சிவப்பு எழுத்து, குறைத்தால் பாராட்டு என்று அவை இயங்குகின்றன. நீரிழிவு நோயாளிக்கு மருத்துவர் சொல்லிச் செய்தால் அது பயன்படலாம். தன் உடலைப் பற்றிக் கூச்சமும் ஒப்பீடும் மிகுந்த 13, 14 வயதில் அது ஆபத்து. அமெரிக்காவில் உணவுக் கோளாறு நோய்க்கு ஆளான 105 பேரிடம் செய்து 2017-ல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் மைஃபிட்னஸ்பால் என்ற கலோரிச் செயலியைப் பயன்படுத்தியிருந்தனர். அவர்களிலும் முக்கால்வாசிப் பேர், தங்கள் நோய்க்கு அச்செயலியும் ஒரு காரணம் என்றே கருதினர். செயலியே நோயை உண்டாக்கியது என்று இதனால் நிறுவிவிட முடியாது. ஆனாலும் பெற்றோர் எச்சரிக்கையாக இருக்க இது போதும்.

இன்னொரு நிகழ்வும் நமக்குப் பாடம். வெயிட் வாட்சர்ஸ் என்று அறியப்பட்ட அமெரிக்க நிறுவனம், 2019 ஆகஸ்டில் 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கென்றே கர்போ என்ற எடைக்குறைப்புச் செயலியை வெளியிட்டது. உணவுகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்தது. எட்டு வயதுக் குழந்தையை எடை பற்றிக் கவலைப்பட வைக்கலாமா என்று உணவுக் கோளாறு நிபுணர்களும் பெற்றோர்களும் கொதித்தனர். பிறகு வேறொரு விவகாரம் வெளியே வந்தது. 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் தகவல்களைப் பெற்றோரிடம் முறையாக அனுமதி பெறாமல் சேகரித்ததாக அமெரிக்க வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. வயதைக் கூட்டிச் சொல்லிப் பிள்ளைகள் உள்ளே நுழைய முடிந்தது என்பதும் அதில் ஒன்று. 2022 மார்ச்சில் நிறுவனம் 15 லட்சம் டாலர் அபராதம் செலுத்தவும், அந்தத் தகவல்களையும் அவற்றைக் கொண்டு உருவாக்கிய கணினி வழிமுறைகளையும் அழிக்கவும் ஒப்புக்கொண்டது.

நம் நாட்டில் 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட அனைவரையும் குழந்தைகளாகவே கருதுகிறது. அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்றும், அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கவோ குறிவைத்து விளம்பரம் செய்யவோ கூடாது என்றும் சொல்கிறது. சட்டம் சொன்னாலும், எடை, உயரம், மாதவிடாய் நாள் என்று கேட்கும் செயலியில் நம் பெண் பிள்ளை எதை நிரப்புகிறாள் என்று பார்க்க வேண்டிய பொறுப்பு நம்முடையதே.

செயலியைத் தேர்ந்தெடுக்கும் முன்

பிள்ளையின் போனில் ஒரு செயலியை ஏற்றும் முன் ஐந்து கேள்விகள் கேட்டுக்கொள்வோம்.

1. எடையையும் கலோரியையும் மையமாக வைக்கிறதா, பழக்கத்தை மையமாக வைக்கிறதா? முதலாவதாக இருந்தால் வேண்டாம்.

2. 'முன், பின்' உடல் படங்களைக் காட்டுகிறதா? காட்டினால் வேண்டாம்.

3. ஒரு நாள் தவறினால் குற்ற உணர்வை ஏற்படுத்துகிறதா? தொடர்ச்சி அறுந்தது, தோற்றுவிட்டாய் என்று சொல்லும் செயலி பிள்ளையைப் பொய் எழுதப் பழக்கும்.

4. என்னென்ன தகவல் கேட்கிறது, உணவு விளம்பரம் வருகிறதா?

5. ஒரு நாளில் எவ்வளவு நேரம் பிடிக்கிறது? ஐந்து, பத்து நிமிடத்துக்கு மேல் இழுத்து வைப்பது நம் நோக்கத்துக்கு ஒத்துவராது.

புதுச் செயலி எதுவும் ஏற்றாமலேயே போனில் செய்யக்கூடியவையும் உண்டு. இவையே முதலில் செய்ய வேண்டியவை. உணவு வரவழைக்கும் செயலிகளின் அறிவிப்புகளை அணைத்து வையுங்கள். அவற்றில் சேமித்து வைத்த கார்டு விவரத்தை நீக்குங்கள். ஒவ்வொரு முறையும் எண்ணைத் தட்ட வேண்டியிருந்தால் அந்த இடைவெளியிலேயே பாதி ஆசை இறங்கிவிடும். ஆண்ட்ராய்டில் உள்ள டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் உள்ள ஸ்க்ரீன் டைம் ஆகியவற்றைக் கொண்டு இரவில் அந்தச் செயலிகள் திறக்காதபடி நேர வரம்பு வைக்கலாம். சாப்பாட்டு வீடியோக்கள் வந்தால் 'விருப்பமில்லை' என்று குறிக்கப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். சில நாட்களில் அவை குறையும். ஆசை வழக்கமாக எழும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பாக ஓர் அலாரம் வைத்து, அதற்குப் பெயராக 'டியூஷன் முடிந்தால் முதலில் தண்ணீர், பிறகு வேர்க்கடலை' என்று எழுதி வைக்கலாம். 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டி வகுத்த திட்டம், வெறும் உறுதிமொழியைவிட நன்றாக நிற்கும் என்பது உளவியலில் பலமுறை சோதித்துப் பார்த்த உண்மை.

பிள்ளையோடு சேர்ந்து, பிள்ளைக்கு மேலே அல்ல

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு தந்தை நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், பையனுக்குத் தெரியாம அவன் போன்ல கண்காணிப்பு ஆப் போட்டு வைக்கலாமா? என்ன ஆர்டர் பண்றான்னு தெரிஞ்சிடுமே." நாம் சொன்னோம்: "தெரிஞ்சிடும் அத்தா. ஆனா அதுக்கப்புறம் அவன் நண்பன் போன்ல ஆர்டர் பண்ணுவான். உங்ககிட்ட சொல்றதையும் நிறுத்திடுவான்." பதின்ம வயதுப் பிள்ளைக்குத் தன் கையில் உரிமை இருக்கிறது என்ற எண்ணம் முக்கியம். அதைப் பறிக்காமல் அதையே நமக்குத் துணையாக்க முடியும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலப் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2019-ல் வெளியானது. ஒரு குழுவுக்கு வழக்கமான சத்துணவுப் பாடம். இன்னொரு குழுவுக்கு, உணவு நிறுவனங்கள் உங்களை எப்படி ஏமாற்றித் தின்ன வைக்கின்றன என்ற பாடம். இரண்டாம் குழுவின் ஆண் பிள்ளைகள், பள்ளி ஆண்டின் மீதிக் காலம் முழுவதும் பள்ளி உணவகத்தில் கெட்ட தின்பண்டங்களையும் பானங்களையும் வாங்குவது முதல் குழுவைவிட 31 விழுக்காடு குறைந்தது. 'உடம்புக்குக் கெடுதல்' என்ற சொல் அசைக்காத மனத்தை, 'உன்னை ஏமாற்றுகிறார்கள்' என்ற சொல் அசைத்தது.

இதை நாமும் செய்யலாம். உங்கள் மகனையோ மகளையோ பக்கத்தில் உட்கார வைத்து, உணவுச் செயலி அனுப்பிய அறிவிப்புகளை இருவரும் சேர்ந்து பாருங்கள். ஏன் மாலை நாலு மணிக்கும் இரவு பத்தரைக்கும் வருகின்றன? பெயர் சொல்லி ஏன் அழைக்கின்றன? இன்னும் 50 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம் என்பதால் லாபம் யாருக்கு? பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். ஒரு குளிர்பானப் புட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிச் சர்க்கரை அளவைப் படிக்கச் சொல்லுங்கள். 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் இருக்கும். நாள் முழுவதற்கும் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமை ஒட்டி நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

செயலி எட்டாத இடங்கள்

தூக்கம் கெட்ட உடம்பில் எந்தச் செயலியும் வேலை செய்யாது. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியது. வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. அவர்கள் கேட்டது இனிப்பும் உப்புத் தின்பண்டமும் மாவுப் பண்டமும். இரவு ஒரு மணி வரை போன் பார்க்கும் பிள்ளையின் மறுநாள் ஆசைக்கு மருந்து, இரவில் போன் ஹாலில் தூங்குவதுதான். நம் போனும் சேர்த்து.

காலையில் வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போகும் பிள்ளை மாலையில் பப்ஸ் கடையைத் தாண்டாது. முட்டை, சுண்டல், பயறு, மீன் என்று வயிற்றில் நிற்கும் உணவு இருந்தால் வேட்கையின் பாதி பலம் போய்விடும்.

பெண் பிள்ளை பச்சரிசி, சாக்பீஸ், மண், ஐஸ்கட்டி என்று தின்ன ஆசைப்பட்டால் அதைக் கெட்ட பழக்கம் என்று திட்டாதீர்கள். இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக அது இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இதற்குத் தேவை இரத்தப் பரிசோதனையும் சிகிச்சையும்.

சாப்பாட்டைத் தொடர்ந்து தவிர்ப்பது, ஒளித்து வைத்து நிறையத் தின்பது, சாப்பிட்டதும் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது, எடை வேகமாக இறங்குவது, மாதவிடாய் நின்றுபோவது இவற்றில் எதைக் கண்டாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், பின்கழுத்தில் பட்டுப்போன்ற கருமை ஆகியவை தெரிந்தால் சர்க்கரை அளவைச் சோதிக்க வேண்டும். இவையெல்லாம் செயலி பார்த்துக்கொள்ளும் காரியங்கள் அல்ல.

கடைசியாக, நம் நாவையும் நாம் கவனிக்க வேண்டும். ருசி பார்க்கும் நாவை அல்ல, பேசும் நாவை. 'குண்டு', 'தின்னிப் பண்டாரம்' என்று விருந்தினர் முன்னால் சொல்லும் கேலி பிள்ளையை மெலிய வைப்பதில்லை; ஒளிந்து தின்ன வைக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், பிள்ளைகளிடம் எடையைப் பற்றிப் பேசுவதையும் கேலி செய்வதையும் விட்டுவிட்டு, குடும்பமாக உட்கார்ந்து உண்பதைக் கூட்டச் சொல்கிறது. ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து உண்ணும் பழக்கம் உள்ள சமுதாயத்துக்கு இது புதிய பாடமல்ல. வாரத்தில் நான்கு நாட்களாவது இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போனை வேறு அறையில் வைத்துவிட்டு ஒரே ஸஹனில் அமர்வோம். செயலி மூன்று நிமிடம் துணை நிற்கும். மீதி நேரத்துக்கு நாம்தான் துணை நிற்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.